இருதயம் ஒரே தாளத்தில்தான் அடிக்க வேண்டுமா?



நாடி பிடித்துப் பார்ப்பது வைத்தியர் வேலை, நமக்கு எதற்கு என்று இருந்துவிடாதீர்கள். கடிகாரம் பார்க்கத் தெரிந்த எவரும் நாடியை எண்ணலாம். கணவனுக்கு மனைவியும், மனைவிக்குக் கணவனும் எண்ணி, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தந்தத் தேதிக்கு நேராகக் குறித்து வைக்கலாம். காசு செலவில்லை. ஆனால் எண்ண ஆரம்பித்த நாலைந்து நாளிலேயே ஒரு பயம் வரும். அந்தப் பயத்தைப் போக்கவும், உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் எது என்று காட்டவுமே இந்தப் பிரசுரம்.

பயம் இதுதான். "ஏங்க, உங்களுக்கு நாடி ஒரே சீரா அடிக்கலையே! கொஞ்சம் வேகமா ஓடுது, அப்புறம் தயங்கித் தயங்கி அடிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோமா?" என்று மனைவி கேட்பார். அதைக் கேட்டு, நன்றாக இருந்த கணவருக்கும் நெஞ்சு படபடக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். அவர் மூச்சு விடுவதையும் கூடவே கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி சற்று நெருங்கி அடிக்கிறதா? மூச்சை வெளியே விடும்போது இடைவெளி விட்டு அடிக்கிறதா? ஆமாம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அது நல்ல இருதயத்தின் இயல்பு. சிறு பிள்ளைகளிடமும் இளவயதினரிடமும் இது இன்னும் நன்றாகத் தெரியும். பத்து வயதுப் பையனின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என் பிள்ளைக்கு இருதயத்தில் கோளாறு" என்று அழுதுகொண்டு வரும் தாய்மார் உண்டு. அந்தப் பையனிடம் மூச்சை அடக்கச் சொன்னால் நாடியின் ஏற்ற இறக்கமும் அடங்கிப் போவதைக் காணலாம்.

ஆகவே நாடியில் பார்க்க வேண்டியவை இரண்டு. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பது ஒன்று. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு கூடிக் குறைகிறது என்பது மற்றொன்று. முதலாவதை நம் விரலால் எண்ணிவிடலாம். இரண்டாவதைத் துல்லியமாக அளக்கக் கருவி வேண்டும். என்றாலும் இந்த இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஒன்றைக் கவனித்து வந்தால் மற்றதைப் பற்றியும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம்.

எண்ணும் விதம்

காலையில் கண் விழித்ததும், பாயை விட்டு எழுந்திருக்கும் முன் எண்ணுவதே சரியான எண்ணிக்கை. தண்ணீர் தூக்கிவிட்டு வந்தோ, காப்பி குடித்துவிட்டோ, பிள்ளைகளைத் திட்டிவிட்டோ எண்ணினால் கணக்குத் தப்பும். அதை ஓய்வு நாடி என்று சொல்ல முடியாது.

கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மெதுவாக வையுங்கள். கட்டை விரலால் பார்க்கக் கூடாது. கட்டை விரலுக்கே ஒரு துடிப்பு உண்டு, அது குழப்பிவிடும். அழுத்திப் பிடித்தாலும் துடிப்பு மறைந்துவிடும். கடிகாரத்தின் வினாடி முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை, அதாவது 60 வினாடியும் எண்ணுங்கள். செல்போனில் உள்ள கடிகாரமும் போதும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் கூட்டம் அலைமோதும்போது அது சரி. வீட்டில் நமக்கென்ன அவசரம்? முழு நிமிடம் எண்ணினால்தான் நாடி ஓடுவதும் தயங்குவதும் விரலுக்குத் தெரியும். எண்ணும்போது இருவருமே பேசக் கூடாது.

வளர்ந்தவர்களுக்கு ஓய்வு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம் என்று வைத்தியப் புத்தகங்கள் சொல்கின்றன. பெரும்பாலோருக்கு 65-க்கும் 85-க்கும் நடுவில் இருக்கும். வருஷக்கணக்கில் வயல் வேலை செய்து உரமேறிய உடம்பில் 55 கூட இருக்கலாம். தலைச்சுற்றல், மயக்கம் இல்லாவிட்டால் அது குறையல்ல. பக்கத்து வீட்டுக்காரருக்கு எத்தனை என்று கேட்டு ஒப்பிட வேண்டாம். பத்து நாள் எண்ணினால் உங்களுக்கு வழக்கமாக எத்தனை என்று தெரிந்துவிடும். பிறகு பார்க்க வேண்டியது, அந்த வழக்கத்திலிருந்து விலகுகிறதா என்பதைத்தான்.

மூக்கணாங்கயிறும் தார்க்குச்சியும்

நாடி ஏன் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது? இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இருதயத்தின் மேற்பகுதியில், வலது பக்க அறையில், துடிப்பைக் கிளப்பிவிடும் ஒரு சிறு தசைப்பகுதி இருக்கிறது. அதை யாரும் தூண்ட வேண்டியதில்லை. இளவயதில் அதன் சொந்த வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100. அப்படியானால் நமக்கு 72 என்று வருவது எப்படி? மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி வரும் வேகஸ் என்ற நரம்பு இருதயத்தைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. பெயர்தான் வேகஸ்; அதன் வேலையோ வேகத்தைக் குறைப்பது! இந்த நரம்பைத் தூண்டினால் இருதயம் மெதுவாகிறது என்பதை வேபர் சகோதரர்கள் 1845-ல் கண்டறிந்து சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1847-ல், மூச்சு இழுக்கும்போது நாடி விரைவதை கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி சுழலும் உருளைமீது கோடாகவே பதித்துக் காட்டினார்.

வண்டி மாடு ஓட்டியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். இருதயம் துடிப்பான காளை. வேகஸ் நரம்பு அதன் மூக்கணாங்கயிறு. இன்னொரு நரம்புத் தொகுதியும் உண்டு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பரிவு நரம்பு என்று போட்டிருப்பார்கள். அது தார்க்குச்சி. ஓடும்போதும், பயப்படும்போதும், கோபப்படும்போதும் அது குத்தி விரட்டும். தார்க்குச்சி குத்தியபின் வேகம் ஏறச் சில வினாடிகள் ஆகும். கயிறு அப்படியல்ல, இழுத்தால் அடுத்த துடிப்பிலேயே பிடிக்கும், விட்டால் அடுத்த துடிப்பிலேயே ஓடும்.

ஓய்வாக இருக்கும்போது வண்டி கயிற்றின் பிடியில்தான் போகிறது. நாம் மூச்சை இழுக்கும்போது மூளை கயிற்றைச் சற்றுத் தளர்த்துகிறது, நாடி விரைகிறது. மூச்சை விடும்போது கயிறு இறுகுகிறது, நாடி நிதானிக்கிறது. இழுப்பும் தளர்ச்சியுமாக அந்தக் கயிறு ஆடும் ஆட்டமே நம் விரலுக்குத் தெரியும் ஏற்ற இறக்கம். கயிறு உறுதியாகக் கையில் இருப்பவனால்தான் இழுக்கவும் முடியும், தளர்த்தவும் முடியும்.

இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. இறந்தவர் ஒருவரின் இருதயத்தை எடுத்து நோயாளிக்குப் பொருத்தும் ஆபரேஷனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1967-ல் தென்னாப்பிரிக்காவில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் முதன்முதலாகச் செய்தார். நம் நாட்டில் 1994-ல் டெல்லியில் வெற்றிகரமாக நடந்தது. அப்படிப் பொருத்திய இருதயத்தில் நரம்புகள் அறுபட்டிருக்கும். அது நன்றாகவே வேலை செய்யும், ஆனால் ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் நிமிடத்துக்கு 90, 100 என்று ஒரே சீராக அடிக்கும். மூச்சோடு அசையவே அசையாது. கயிறில்லாத காளையின் ஓட்டம் அது.

எண்ணிக்கை கூடினால் இடைவெளி என்ன ஆகும்?

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கயிறு நன்றாகப் பிடித்திருந்தால் ஓய்வு நாடி குறைவாக இருக்கும். துடிப்புகளின் இடைவெளியில் ஏற்ற இறக்கமும் நிறைய இருக்கும். கயிறு தளர்ந்து தார்க்குச்சி ஓங்கிவிட்டால் நாடி கூடும். ஏற்ற இறக்கம் சுருங்கும். ஒன்று ஏறினால் மற்றது இறங்குவது பொதுவான வழக்கம்.

இதில் ஒரு கணக்குச் சங்கதியும் கலந்திருக்கிறது. கருவியில் ஒரு வினாடியை ஆயிரம் கூறாகப் பிரித்து அளக்கிறார்கள். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒவ்வொரு இடைவெளியும் 1000 கூறு. 60 என்பது 65 ஆனால் இடைவெளி 923 கூறாகிறது; வித்தியாசம் 77. நாடி 100 உள்ளவருக்கோ இடைவெளி 600 கூறு. அவருக்கும் அதே 5 துடிப்புக் கூடி 105 ஆனால் 571. வித்தியாசம் வெறும் 29. கூடியது இருவருக்கும் 5 துடிப்புத்தான், ஆனால் கருவியில் ஒருவருக்கு 77 என்றும் மற்றவருக்கு 29 என்றும் காட்டும். ஆகவே கருவி காட்டும் இடைவெளிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, நாடி வேகமாக உள்ளவரை நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம். வயது கூடக் கூட எல்லோருக்குமே இந்த ஏற்ற இறக்கம் குறைந்துகொண்டு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணவன்மார்கள் கவனத்துக்கு

சரியான தூக்கமில்லாத இரவுக்கு மறுநாள் காலையில் எண்ணிப் பாருங்கள். நாடி நாலைந்து கூடியிருந்தாலும் ஆச்சரியமில்லை. காய்ச்சல் 98.4-லிருந்து 102 டிகிரி ஆனால் சுமார் 20 துடிப்புக் கூடும். இவை வந்து போகிறவை. காரணம் நீங்கினால் நாடியும் இறங்கிவிடும்.

குடி விஷயம் அப்படியல்ல. "குடிச்சாத்தான் தூக்கம் வருது, உடம்பு அலுப்பு தீருது" என்று சொல்கிறவர்கள், குடித்துவிட்டுப் படுத்த இரவு தம் நாடியை மனைவியை எண்ணச் சொல்லட்டும். குடிக்காமல் படுத்த இரவும் எண்ணச் சொல்லட்டும். ஆள் தூங்குவார், இருதயம் தூங்காது. இரவில் கயிறு இறுகி, நாடி இறங்கி, இடைவெளி விரிய வேண்டிய நேரத்தில் அது வேகமாகவே அடித்துக்கொண்டிருக்கும். அலுப்பு தீர்ந்த மாதிரி தோன்றுவது வெறும் மயக்கம்.

பீடி, சிகரெட், புகையிலை எல்லாவற்றிலும் நிகோடின் இருக்கிறது. அது நாள் முழுவதும் தார்க்குச்சிபோல வேலை செய்யும். நிறுத்திய சில நாட்களுக்குள்ளேயே ஓய்வு நாடி இறங்குவதைக் காலண்டரில் நீங்களே பார்க்கலாம். உபதேசத்தைவிட இந்த எண் பலருக்குப் புத்தி சொல்லும் என்பது எங்கள் எண்ணம்.

இதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு ஓர் ஆதாரம். மாரடைப்பு வந்து பிழைத்த 808 பேரை அமெரிக்க டாக்டர்கள் கவனித்து வந்து, 1987-ல் முடிவை வெளியிட்டார்கள். 24 மணி நேரம் இருதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்ததில், மேலே சொன்ன ஆயிரம் கூறு அளவில் ஏற்ற இறக்கம் 50-க்கும் குறைவாக இருந்தவர்கள், 100-க்கு மேல் இருந்தவர்களைவிடச் சுமார் 5 மடங்கு அதிகமாக இறந்து போயிருந்தார்கள்.

கர்ப்ப காலத்தில்

மனைவி கர்ப்பமாக இருக்கும்போது மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறும். குழந்தைக்கும் சேர்த்து ரத்தம் ஓட வேண்டும். உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. ஓய்வு நாடி 10 முதல் 20 வரை கூடுகிறது. வழக்கமாக 72 உள்ளவருக்கு ஏழாம் எட்டாம் மாதத்தில் 85, 90 வரலாம். ஏற்ற இறக்கமும் கூடவே சுருங்கும். இது நோயல்ல. பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பும். மாதவிலக்கு வருவதற்கு முந்தைய நாட்களிலும் இரண்டு மூன்று துடிப்புக் கூடுவது இயல்பே.

ஆனால் இந்த இயல்பான உயர்வுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்ளும். அதுதான் ரத்தசோகை. 2019-21-ல் நாடு முழுவதும் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தத்தில் சத்துக் குறைந்தால், அதே பிராணவாயுவைக் கொண்டு சேர்க்க இருதயம் கூடுதல் தடவை அடித்தாக வேண்டும். ஐந்து குடம் கொள்ளும் வண்டியில் மூன்று குடம்தான் ஏற்ற முடியும் என்றால் நடை கூடத்தானே செய்யும்? ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே கர்ப்பிணியின் நாடி 100-க்கு மேல் போனால், இரண்டு படி ஏறியதும் மூச்சு வாங்கினால், நாக்கும் கண்ணின் உள்இமையும் வெளுத்திருந்தால், "மாசமா இருந்தா அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் மாத்திரை மட்டும் போதாது, ஆஸ்பத்திரி வைத்தியம் வேண்டும்.

நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாளும், பிரசவத்துக்குப் பின் மறுபடி 180 நாளும் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். அது பெட்டிக்குள் தூங்கக் கூடாது. ரத்தசோகை உள்ளவர்களுக்கு எத்தனை என்று நர்ஸம்மா சொல்வார். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான்; பயம் வேண்டாம். டீ, காப்பியோடு சேர்த்து விழுங்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை நல்ல துணை. இந்தப் பொறுப்பில் பாதி கணவருடையது. மாத்திரை முறையாகச் சேர்ந்து ரத்தம் ஊறினால், ரத்தக் குறைவால் ஏறியிருந்த துடிப்பு சில வாரங்களில் கொஞ்சம் இறங்குவதையும் காணலாம். ஒரு பிரசவத்தில் இழந்ததை உடம்பு ஈடுகட்டும் முன்னரே அடுத்த கர்ப்பம் வந்தால் இருதயத்துக்குத்தான் முதலில் பாரம். அடுத்த குழந்தைக்குக் குறைந்தது இரண்டு வருஷமாவது பொறுத்து, பிறகு கருத்தரியுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரசவமான பின் நாடி மேலும் முக்கியம். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் தாயை மறந்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு துணி மாற்ற மாற்ற நனைந்துகொண்டே இருந்தால், உடம்பு சில்லிட்டால், நாடி மெலிந்து 110-க்கு மேல் ஓடினால், அது உயிர் போகும் ரத்தப்போக்காக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் துடிப்பு

நாடியின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு தூரம் சொன்னதற்கு மிகச் சிறந்த உதாரணம் பிறக்காத குழந்தைதான்.

குழந்தையின் இருதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை அடிக்கும். நம்முடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நர்ஸம்மா வயிற்றில் கருவியை வைக்கும்போது குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்கிறதே, அதுதான். எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் குழந்தை சுகமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட முடியாது. குழந்தையின் மூளையும் நரம்பும் முதிர முதிர, அந்தச் சின்ன இருதயத்துக்கும் மூக்கணாங்கயிறு வந்து சேர்கிறது. அப்போது துடிப்பு 140 என்றால் 140-லேயே நிற்காது. 136, 143, 139, 148 என்று ஆடிக்கொண்டே இருக்கும். குழந்தை கை காலை அசைத்தால் 15 துடிப்புப் போல எகிறி, பிறகு இறங்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வலி வந்தவர்களுக்கு வயிற்றில் இரண்டு பெல்ட்டைக் கட்டி, காகிதத்தில் கோடு ஓடவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடு ரம்பப் பல் மாதிரி நெளிந்து நெளிந்து போனால் டாக்டரம்மா முகத்தில் நிம்மதி தெரியும். கோடு பாய் விரித்தது போலத் தட்டையாகப் போனால், எண்ணிக்கை 140 என்று சரியாகவே காட்டினாலும், அவர் பக்கத்தை விட்டு நகர மாட்டார். குழந்தை 20 நிமிடம், 40 நிமிடம் தூங்குவது உண்டு. அப்போதும் கோடு தட்டையாகும். தாய்க்குக் கொடுத்த சில மருந்துகளாலும் ஆகும். அதற்கு மேலும் தட்டையாகவே இருந்தால் குழந்தைக்குப் பிராணவாயு போதவில்லையோ என்று பார்ப்பார்கள். துடிப்பின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதற்கு முன்பே இடைவெளியின் ஆட்டம் நின்றுபோவதை, அமெரிக்க மகப்பேறு மருத்துவர் எட்வர்ட் ஹான் 1960-களிலேயே எடுத்துக் காட்டினார். இந்த அளவு இன்று இவ்வளவு பெயர் பெற்றதற்கு அதுவும் ஒரு தொடக்கம்.

"நல்லாத்தானே துடிக்குது, எதுக்கு ஆபரேஷன்?" என்று லேபர் வார்டு வாசலில் சத்தம் போடும் கணவர்களும் மாமியார்களும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. துடிக்கிறது, சரி. கோடு நெளிகிறதா என்றுதான் டாக்டர் பார்க்கிறார். சந்தேகம் இருந்தால் மரியாதையாகக் கேளுங்கள், காகிதத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் அந்தக் கருவி கிடையாது. அதற்குப் பதிலாகத் தாய்க்குத் தெரிவது குழந்தையின் அசைவு. ஏழாம் மாதத்துக்குப் பிறகு வழக்கமாக அசையும் நேரத்தில் அசைவு குறைந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "காலையில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு வேண்டாம். வீண் அலைச்சலாக இருந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, போங்கள்.

எந்தத் தாறுமாறு கெட்டது?

ஏற்ற இறக்கம் நல்லது என்று சொன்னதால், எல்லாத் தாறுமாறும் நல்லதென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவது நல்லது. மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல், ஒன்று பலமாக, ஒன்று மெலிதாக, இரண்டு நெருங்கி, ஒன்று விட்டு என்று எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் அடித்தால் அது வேறு. அதில் துடிப்பைக் கிளப்பும் இடமே பிடி தவறிப் போயிருக்கலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இதைக் கவனிக்காமல் விட்டால் இருதயத்தில் ரத்தம் உறைந்து, மூளைக்குப் போய் அடைத்து, கை கால் விழுந்துவிடக்கூடும். இ.சி.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும். அவ்வப்போது ஒரே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு, பிறகு சிறு நிறுத்தம் விழுவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. அடிக்கடி வந்தால் காட்டிக்கொள்ளலாம்.

இளம் பெண்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். 5 முதல் 15 வயதுக்குள் தொண்டை வலி வந்து, சில வாரம் கழித்து முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மூட்டு மூட்டாக வீங்கி வலித்ததா? அது ருமாட்டிக் காய்ச்சலாக இருந்திருக்கலாம். மூட்டு வீக்கம் தானாக வற்றிவிடும். இருதயத்தின் வால்வில் மட்டும் தழும்பு நின்றுவிடும். வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி, கர்ப்பமாகி, நாடி 90-க்கு மேல் போகும்போதுதான் வெளியே வரும். வால்வு சுருங்கிய இருதயத்துக்கு ரத்தம் நிரம்ப நேரம் வேண்டும். துடிப்பு கூடக் கூட அந்த நேரம் குறைகிறது; ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினால் அதுதான் அறிகுறி. சிறு வயதில் மூட்டு வீக்கம் வந்த விவரத்தை முதல் பரிசோதனையிலேயே நர்ஸம்மாவிடம் சொல்லிவிடுங்கள். புகுந்த வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று மறைக்காதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டு வருகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

சர்க்கரை உள்ளவர்களுக்கும், புதுக் கைக்கடிகாரம் கட்டியவர்களுக்கும்

சர்க்கரை நோய் நாள்பட்டால் கால் நரம்பைப் போலவே வேகஸ் நரம்பையும் அரிக்கும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து டாக்டர்கள் 1970-களில் இதற்கு ஓர் எளிய சோதனையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 5 வினாடி மூச்சை இழுத்து, 5 வினாடி விட்டு, நிமிடத்துக்கு 6 மூச்சு விடச் சொல்லி இ.சி.ஜி. எடுப்பார்கள். மூச்சு இழுக்கும்போது உள்ள உச்ச வேகத்துக்கும், விடும்போது உள்ள குறைந்த வேகத்துக்கும் 15 துடிப்பாவது வித்தியாசம் இருந்தால் நல்லது. 10-க்கு மேல் போகவில்லையானால் நரம்பு கெட ஆரம்பித்திருக்கிறது என்று பொருள். வயதானவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டும். நரம்பு ரொம்பவும் கெட்டவர்களுக்கு ஓய்விலேயே நாடி 100-ஐத் தாண்டி, அசையாமல் நிற்கும். இப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலி தெரியாமல் போகலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி வந்து சர்க்கரை பார்க்கிறார்களே, அப்போது உங்கள் காலண்டர் எண்களையும் அவர்களிடம் காட்டுங்கள்.

துபாயிலிருந்து வந்த மச்சான் கொடுத்த கடிகாரம், பையன் திருப்பூரிலிருந்து வாங்கி அனுப்பிய கடிகாரம் என்று இப்போது ஊரில் பலர் கையில் நாடி காட்டும் கடிகாரம் இருக்கிறது. தோலுக்குள் பச்சை வெளிச்சத்தை அனுப்பி, ரத்தம் ஏறி இறங்குவதை அது எண்ணுகிறது. சில கடிகாரங்கள் இரவில் இடைவெளியின் ஏற்ற இறக்கத்தையும் ஓர் எண்ணாகக் காட்டும். அந்த எண் கணவனுக்கு 60, மனைவிக்கு 30 என்று இருந்தால் மனைவி பலவீனம் என்று அர்த்தமில்லை. ஆளுக்கு ஆள் அது வெகுவாக மாறும். ஓர் இரவின் எண்ணுக்கும் மதிப்பில்லை. இரண்டு மூன்று வாரம் பார்த்து, உங்கள் ஓய்வு நாடி ஏறிக்கொண்டும் இந்த எண் இறங்கிக்கொண்டும் சேர்ந்தாற்போல் வந்தால் அப்போது காரணம் தேடுங்கள்: தூக்கமா, குடியா, காய்ச்சலா, கடன் கவலையா, கர்ப்பமா? எண் திடீரென்று மிகவும் உயர்ந்து போனாலும் சந்தோஷப்பட வேண்டாம். முன்பு சொன்ன தாறுமாறான துடிப்பையும் அந்தக் கடிகாரம் ஏற்ற இறக்கம் என்றே எண்ணிவிடக்கூடும். அப்போது விரலை வைத்து, மூச்சோடு சேர்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையே நாடியைக் குறைக்கும். 50-க்குக் கீழே போய்த் தலை சுற்றினால், மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

கர்ப்பிணிப் பரிசோதனைக்கு அடுத்த முறை போகும்போது கணவரும் கூடப் போங்கள். காலண்டரில் குறித்த எண்களைத் தாய்-சேய் நல அட்டையின் ஓரத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். குழந்தையின் துடிப்பைக் கேட்கும்போது, "எத்தனை இருக்கு சிஸ்டர், அசையும்போது கூடுதா?" என்று கேளுங்கள். சத்தம் வரும் கருவியாக இருந்தால் உங்கள் இருவருக்கும் கேட்கும்படி ஒரு நிமிடம் வைக்கச் சொல்லுங்கள்.